ஏ சைடுல பாடுனது, பி சைடுல போட்டது

வள்ளியூர் பஜார்ல எங்க தாய்மாமாவுக்கு ஒரு தையல் கடை இருந்துச்சு. ரெண்டு மெஷின், ஒரு வெட்டுற பலகை, அதுக்கு மேல மாட்டுன கண்ணாடி, கண்ணாடிக்கு பக்கத்துல ஒரு மர ஸ்டாண்டுல ரேடியோ. பள்ளிக்கூடம் லீவு விட்டா நான் அங்கதான் இருப்பேன், காஜா எடுக்கிறதும் பட்டன் தைக்கிறதும் என் வேலை. காலைல கடை தொறந்ததும் மாமா முதல்ல கை வைக்கிறது கத்திரிக்கோல்ல இல்ல, ரேடியோல. எங்க ஊர் பக்கமெல்லாம் கடல் தாண்டி இலங்கை வானொலி சென்னை ஸ்டேஷன விட தெளிவா எடுக்கும், அதுனால எங்க மாமா தலைமுறைக்கு பாட்டு பத்தி தெரிஞ்சதுல முக்காவாசி கொழும்புல இருந்து வந்ததுதான். படம் பேரு, பாட்டு எழுதுனவரு, இசை, பாடுனவங்க எல்லாம் சொல்லிட்டுத்தான் பாட்ட போடுவாங்க. மாமா தைச்சுக்கிட்டே அதையெல்லாம் மனசுல ஏத்தி வச்சிருந்தார்.

87ல மாமா நாகர்கோவில்ல ஒரு ரெக்கார்டிங் சென்டர்ல ஒரு கேசட் போட்டுட்டு வந்தார். இப்ப உள்ள பசங்களுக்கு இது தெரியாது, அப்பல்லாம் நமக்கு வேணுங்கிற பாட்ட ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்தா அவங்ககிட்ட இருக்கிற ரெக்கார்டுல இருந்து எடுத்து வெறும் கேசட்ல ஏத்தித் தருவாங்க, நாலு நாள் ஒரு வாரம் கழிச்சு போய் வாங்கிக்கணும். மாமா குடுத்தது 60 நிமிஷ கேசட், சைடுக்கு அரை மணி நேரம். வந்ததும் அந்த கேசட் டப்பாக்குள்ள இருக்கிற அட்டைய எடுத்து ஊதா பேனாவுல அவரே எழுதுனார். ஏ பக்கம் மேல "ராஜா பாடுனது". பி பக்கம் மேல "ராஜா போட்டது".

அந்த ராஜா ஏ.எம்.ராஜா, பழைய பாடகர், பாட்டுக்கு மெட்டும் போட்டவரு. இளையராஜா வந்து பத்து வருஷம் ஆகி ஊரே அவர் பாட்டுலதான் முழுகிக் கிடந்தப்பவும் எங்க மாமாவுக்கு வெறுமனே "ராஜா"ன்னா இவர்தான். அதுல ஒரு விஷயமும் இருக்கு, 76ல அன்னக்கிளி வர்றப்ப பஞ்சு அருணாசலம் அவருக்கு இளையராஜான்னு பேர் வச்சதே, ஏற்கனவே சினிமாவுல ஒரு ராஜா இருக்காரு இவர் இளையவர்னு நெனச்சுத்தான்னு சொல்லுவாங்க. அந்த "ஏற்கனவே இருந்த" ராஜாவ பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல கிடக்கு.

போன மாசம் ஒரு பாட்டு ஆப்புல, தேன் நிலவு படத்துக்கு ராஜா இசையமைச்ச காலையும் நீயே மாலையும் நீயே பாட்ட போட்டேன். கீழ இசைன்னு போட்டிருந்த இடத்துல வேற ஒருத்தர் பேரு. அதுக்கு ஒரு வாரம் முன்னாடி டிவில ஒரு நிகழ்ச்சி, ஒரு பொண்ணு அதே படத்துப் பாட்ட ரொம்ப அழகா பாடுனா, பாடி முடிச்சதும் பேசுனவர் மெல்லிசை மன்னரோட மேஜிக்னு ஆரம்பிச்சு ரெண்டு நிமிஷம் பேசுனார், அங்க உக்காந்திருந்த ஒருத்தரும் திருத்தல. எம்.எஸ்.வி. மேல எனக்கு எவ்வளவு பிரியம்னு என்கூட பழகுனவங்களுக்கு தெரியும். ஆனா அவர் வீட்டுல நெல்லு நெறைய கொட்டிக் கிடக்குது, இன்னொருத்தர் வீட்டுல இருக்கிற ஒரு மூட்டையயும் தூக்கி அங்க போய் வைக்கணுமா? ராஜா தமிழ்ல இசையமைச்ச நல்ல படங்கள் கைவிரல்ல எண்ணுற அளவுதான். அதுக்குக் கூட அவர் பேர சொல்ல மாட்டேங்கிறாங்கன்னா அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல.

சரி, ஏ சைடுல இருந்தே வர்றேன்.

ராஜா பொறந்தது 1929 ஜூலை 1, சித்தூர் மாவட்டத்துல ராமச்சந்திராபுரம்னு ஒரு ஊரு. தெலுங்குக்காரர். மெட்ராஸ் பச்சையப்பன் காலேஜ்ல பி.ஏ. முடிச்சது 1951, அதே வருஷம்தான் ஜெமினி ஸ்டுடியோவோட சம்சாரம் படத்துல பாடி சினிமாவுக்குள்ள வர்றார். இத நான் ஏன் சொல்றேன்னா, அதுக்கு முன்னாடி தமிழ் சினிமாவுல பாட வந்தவங்கள்ல நெறைய பேரு நாடக மேடைல இருந்து வந்தவங்க. மைக் இல்லாத கொட்டகைல கடைசி வரிசைல உக்காந்திருக்கிறவன் வரைக்கும் கேக்கணும்னு தொண்டைய தொறந்து பாடிப் பழகுனவங்க. அது ஒரு அழகு, பாகவதர், டி.ஆர்.மகாலிங்கம் எல்லாம் அந்த வழிதான். ராஜா காலேஜ்ல இருந்து நேரா மைக் முன்னாடி வந்து நின்னவரு. மைக்குன்னு ஒண்ணு வந்தாச்சு, இனிமே கத்த வேண்டியதில்ல, காதுகிட்ட வந்து சொன்னா போதும்னு அவரோட குரலுக்கு தெரிஞ்சிருக்கு. இந்தில தலத் மஹ்மூத் பாடுறத கேக்குறப்ப எனக்கு இதே உணர்வு வரும், பெருசா எதுவும் பண்ண மாட்டாரு ஆனா உள்ள போய் உக்காந்துக்குவாரு.

மாமா இத தையல் பாஷைல சொல்லுவார். "மருமவனே, நல்ல தையல்னா நூலு வெளிய தெரியக்கூடாதுல. ராஜா பாட்டுல நூலு தெரியாது."

55ல மிஸ்ஸியம்மா. வாராயோ வெண்ணிலாவே. பி.லீலாவோட சேந்து. அந்தப் பாட்டுல ஜெமினி ஒரு பக்கம் நிலாகிட்ட முறையிடுறாரு, சாவித்திரி இன்னொரு பக்கம் முறையிடுறாங்க, சண்டைதான் ஆனா கோவமா பாட முடியாது, செல்லமாவும் பாட முடியாது, ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடம் இருக்கு பாருங்க, அங்க ராஜா நிக்கிறார். அதே படம் தெலுங்குல என்.டி.ஆருக்கும் ராஜாதான் பாடுனார், இசை ரெண்டுலயும் ராஜேஸ்வர ராவ். இந்தப் பாட்டோட ஜெமினி கணேசன்னா ராஜா குரல்னு ஜனங்க மனசுல ஒட்டிக்கிச்சு. ஆனா அவர் ஜெமினிக்கு மட்டும் பாடுனவர் இல்லைங்கிறது நெறைய பேருக்கு மறந்து போச்சு. குலேபகாவலில எம்.ஜி.ஆருக்கு ஜிக்கியோட சேந்து மயக்கும் மாலை, மகாதேவில சுசீலாவோட கண்மூடும் வேளையிலும், அமரதீபத்துல சிவாஜிக்கு தேன் உண்ணும் வண்டு. ராஜ்கபூரோட ஆஹ் படம் "அவன்"ங்கிற பேர்ல தமிழ்ல வந்தப்ப ராஜ்கபூருக்கும் இவர்தான், நர்கிஸுக்கு ஜிக்கி. சுசீலாம்மா தமிழ் சினிமாவுல முதன்முதலா பாடுனது பெற்ற தாய் படத்துல, கூடப் பாடுனவரு ராஜா. அம்பதுகளோட முதல் பாதிய எடுத்துக்கிட்டா அவரு எல்லா பக்கமும் இருந்தவரு.

ஜிக்கிய பத்தி ஒரு பாரா எழுதாம தாண்ட முடியாது. பி.ஜி.கிருஷ்ணவேணி. ராஜாவுக்கு முன்னாடியே சின்னப் புள்ளையா சினிமாவுக்கு பாட வந்தவங்க, ஞானசௌந்தரில 1948லயே அருள் தாரும் தேவமாதாவே பாடி எங்க பக்கத்து கடலோர ஊர்கள்ல சர்ச்சுல அந்தப் பாட்டு இன்னைக்கும் ஒலிக்குது. வஞ்சிக்கோட்டை வாலிபன்ல பத்மினிக்கும் வைஜெயந்திமாலாவுக்கும் நடக்கிற போட்டி நடனப் பாட்டுல லீலாவோட போட்டி போட்டது ஜிக்கிதான். ராஜாவும் ஜிக்கியும் ஜோடியா பாடிப் பாடியே கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க. வீட்டுலயே இவ்வளவு பெரிய பாடகி இருந்தும், தான் இசையமைக்கிற படத்துல பூரா பாட்டயும் வீட்டுக்குள்ளயே வச்சுக்கலாம்னு ராஜா நெனைக்கலைங்கிறத கவனிச்சுப் பாருங்க. கல்யாணப் பரிசுல ஜிக்கிக்கு குடுத்தது துள்ளாத மனமும் துள்ளும். சுசீலாவுக்குத்தான் அதிகம். தேன் நிலவுல வந்து எஸ்.ஜானகிய கூப்பிடுறாரு, அப்ப ஜானகிம்மா தமிழுக்கு புதுசு மாதிரிதான், காலையும் நீயேயும் ஓஹோ எந்தன் பேபியும் அவங்களுக்குப் போகுது. எந்தப் பாட்டுக்கு எந்தக் குரல்னு முடிவு பண்றதுல அவருக்கு உறவு பாசம் எதுவும் நடுவுல வரல.

கேசட்ட திருப்புறேன்.

பி சைடுல முதப் பாட்டு வாடிக்கை மறந்ததும் ஏனோ. கல்யாணப் பரிசு, 1959. வீனஸ் பிக்சர்ஸ். அதுவரைக்கும் கதை வசனம் எழுதிக்கிட்டிருந்த ஸ்ரீதர் முதன்முதலா டைரக்ட் பண்ண படம். ராஜா அதுக்கு முந்துன வருஷம் தெலுங்குல சோபாங்கிற படத்துக்கு இசையமைச்சிருந்தார், தமிழ்ல இதான் முதல். பாட்டு எல்லாம் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். புது டைரக்டர், புது இசையமைப்பாளர், முப்பது வயசு கூட ஆகாத ஒரு கவிஞர். படம் ஏப்ரல்ல வந்துச்சு, அக்டோபர்ல பட்டுக்கோட்டையார் போயிட்டார், வயசு 29. ராஜாவும் அவரும் இன்னும் ஒரு பத்து வருஷம் சேந்து இருந்திருந்தா எப்படி இருந்திருக்கும்னு நான் எத்தனை தடவ நெனச்சுப் பாத்திருக்கேன்னு எனக்கே தெரியாது.

அந்தப் படத்துல ராஜா பண்ணுன ஒரு வேலைய மட்டும் கொஞ்சம் பக்கத்துல வச்சு பாக்கலாம். உன்னைக் கண்டு நான் ஆட பாட்டு தீபாவளிப் பாட்டு, சுசீலா பாடுறாங்க, வீடு பூரா மத்தாப்பு, மனசு பூரா சந்தோஷம். கதைல எல்லாம் ஒடஞ்சு போனப்புறம் அதே மெட்டு திரும்ப வருது. இப்ப ராஜா குரல்ல, "ஆட"ங்கிறது "வாட"ன்னு மாறி. ரெண்டையும் அடுத்தடுத்து போட்டுக் கேளுங்க. மெட்டோட எலும்பு ஒண்ணுதான். தாளத்தோட ஓட்டத்த இழுத்துப் பிடிச்சு நடைய மெதுவாக்கி, துள்ளுன இடத்துல எல்லாம் இழுப்பு குடுத்து, அவ்வளவுதான் பண்ணிருக்காரு. ஆனா முதல்ல கேட்ட மத்தாப்பு சத்தம் ரெண்டாவது கேக்குறப்ப நம்ம காதுல மிச்சம் இருக்கும் பாருங்க, அதுதான் நெஞ்ச அறுக்கும். புதுசா ஒரு சோகப் பாட்டு போட்டிருந்தா இந்த வலி வந்திருக்காது, ஏற்கனவே சிரிச்ச பாட்டே அழுவுதுங்கிறதுதான் வலி. காதலிலே தோல்வியுற்றான் காளை ஒருவன்னு ராஜா பாடுறதுக்கும் அதே மாதிரி சுசீலா குரல்ல ஒரு ஜோடி இருக்கு. ஒரே படத்துல ரெண்டு தடவ இந்த உத்திய வச்சும் நமக்கு அலுக்கல. இது குரல் நல்லாருக்குன்னு வாய்ப்பு கிடைச்ச ஒரு பாடகரோட வேலை இல்ல, கதைய கேட்டுட்டு ராத்திரி பூரா யோசிச்ச ஒருத்தரோட வேலை.

இன்னொன்னு, பாட்டு ஓடுற அளவுக்கு மட்டும்தான் அவர் வாத்தியம் வைப்பாரு. பாடுறவங்க வாய தொறந்தா பின்னாடி ஒருத்தரும் குறுக்க வரமாட்டாங்க. வாடிக்கை மறந்ததும் ஏனோல ரெண்டு சைக்கிள் பக்கத்துல பக்கத்துல போகுது, அந்த மிதிக்கிற லயம் பாட்டுக்குள்ளயே இருக்கும், கண்ண மூடிக்கிட்டு கேட்டாலும் கால் தன்னால மிதிக்கும். எங்க மாமா தையல் மெஷின் மிதிக்கிறப்ப இந்தப் பாட்டு வந்தா மெஷின் ஓட்டமும் பாட்டோட ஓட்டமும் ஒண்ணா சேந்துரும். ஒரு தடவ சட்டைக்கு காலர் தைச்சுக்கிட்டு இருந்தவரு பாட்டு முடியிற வரைக்கும் துணி இல்லாமலே மிதிச்சுக்கிட்டு இருந்தாரு, வாசல்ல துணி வாங்க வந்தவர் நின்னு பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம திண்ணைல உக்காந்துட்டார்.

கல்யாணப் பரிசு தெலுங்குல பெள்ளி கானுகன்னு போச்சு, அதுக்கும் ராஜாதான். மறுபடி ஸ்ரீதர் படம் விடிவெள்ளி, சிவாஜிக்கு. அப்புறம் 61ல தேன் நிலவு. காஷ்மீர்ல போய் எடுத்த படம், ஆனா கருப்பு வெள்ளை. அவ்வளவு பச்சையும் பனியும் இருக்கிற ஊர்ல போய் கலர் இல்லாம எடுத்திருக்காங்களேன்னு சின்ன வயசுல எனக்கு வருத்தமா இருக்கும், இப்ப நெனச்சா அந்தக் கலரெல்லாம் ராஜாவும் கண்ணதாசனும்தான் குடுத்திருக்காங்க. பாட்டுப் பாடவா பார்த்துப் பேசவான்னு அவர் ஆரம்பிக்கிறப்ப ஒரு ஆளு சட்டை கைய மடிச்சு விட்டுக்கிட்டு காலை வெயில்ல நடந்து வர்ற மாதிரி இருக்கும். ஓஹோ எந்தன் பேபி அறுபது வருஷத்துக்கு முந்துன பாட்டுன்னு சொன்னா என் பொண்ணு நம்ப மாட்டேங்குறா. அந்தப் பாட்டு வரி 2025ல ஒரு படத்துக்கே தலைப்பா வந்துச்சு, துள்ளாத மனமும் துள்ளும் 99லயே விஜய் படத்துக்கு தலைப்பாச்சு. வரி எல்லாருக்கும் தெரியுது. மெட்டு போட்டவர் பேருதான் தெரியல.

62ல ஆடிப்பெருக்கு. தனிமையிலே இனிமை காண முடியுமா. இதுக்கு கடைசில வர்றேன்.

அதுக்கப்புறம் என்ன ஆச்சு? நாலே வருஷத்துல இப்படி வரிசையா குடுத்த மனுஷன் ஏன் காணாம போனாரு? அவர் ரொம்ப கறாரான ஆளு, தனக்கு சரின்னு படாத விஷயத்துக்கு எறங்கி வரமாட்டாரு, அதான் சினிமாவுக்கு ஒத்து வரலைன்னு பழைய ஆட்கள் சொல்றது உண்டு. இருக்கலாம். எனக்கு என்னமோ அந்தக் கறாரு இல்லாம இந்தப் பாட்டுகளும் வந்திருக்காதுன்னுதான் தோணுது, வாத்தியத்த கொற, குரல முன்ன வையின்னு பிடிவாதம் பிடிக்கிற ஆளு வாழ்க்கைல மட்டும் எப்படி வளைஞ்சு குடுப்பாரு. ஆனா அவர் குணத்த மட்டும் காரணமா சொல்லிட்டு போறது நியாயமில்ல. சுத்தி நடந்தது என்னன்னும் பாக்கணும். 54ல தூக்குத் தூக்கில சிவாஜிக்கும் மலைக்கள்ளன்ல எம்.ஜி.ஆருக்கும் டி.எம்.எஸ். வந்தாச்சு. சிங்கம் மாதிரி ஒரு குரல், வசனம் பேசுற கதாநாயகனுக்கு பாட்டுலயும் அந்த கம்பீரம் வேணும்னு ஜனங்க பழகிட்டாங்க, அறுபதுகள் வர்றப்ப அந்த ரெண்டு கதவும் முழுசா மூடிருச்சு. மிச்சம் இருந்தது ஜெமினி. 61ல பாவ மன்னிப்புல காலங்களில் அவள் வசந்தம் பாட்ட ஜெமினிக்கு பி.பி.ஸ்ரீநிவாஸ் பாடுறாரு. அதுவும் மெல்லிசான குரல்தான், பட்டு மாதிரி. கேட்ட ஒடனே ஜனங்க ஏத்துக்கிட்டாங்க. 62ல ஸ்ரீதரும் நெஞ்சில் ஓர் ஆலயம், போலீஸ்காரன் மகள், சுமைதாங்கின்னு விஸ்வநாதன் ராமமூர்த்திகிட்ட போயிட்டாரு. அந்தப் படங்களோட பாட்டெல்லாம் எப்படின்னு நான் சொல்லணுமா, ஒவ்வொண்ணும் முத்து. யாரையும் குத்தம் சொல்றதுக்கு இல்ல. ஆனா ஒரு மனுஷனுக்கு குரல் குடுக்கிற கதவும் மெட்டு போடுற கதவும் ஒரே ரெண்டு வருஷத்துல மூடிக்கிச்சுன்னா அவர் எங்க போய் நிப்பாரு?

மலையாளத்துக்குப் போனாரு. எங்க ஊர்ல திருவனந்தபுரம் ஸ்டேஷனும் எடுக்கும்ங்கிறதால மாமாவுக்கு இதுவும் தெரியும். தேவராஜன் இசைல, வயலார் எழுதுன பெரியாறே பெரியாறே, 62ல வந்த பார்யா படம், சுசீலாவோட பாடுனது. ஆகாச கங்கையுடெ கரையில், பாபுராஜ் போட்ட சந்தனப் பல்லக்கில். கேரளாவுல இன்னைக்கும் வயசானவங்ககிட்ட ஏ.எம்.ராஜான்னு சொல்லிப் பாருங்க, பெரியாறேன்னு பாடிக் காட்டுவாங்க. தமிழ்நாட்டுல அவர் ஓஞ்சு போயிட்டார்னு நெனச்ச வருஷங்கள்ல அவர் அங்க ஒரு ஆத்தையே பாடிக்கிட்டு இருந்தாரு. 70ல அம்ம என்ன ஸ்த்ரீன்னு ஒரு மலையாளப் படத்துக்கு இசையும் அமைச்சாரு. தமிழ்லயும் திரும்ப வந்து 73ல வீட்டு மாப்பிள்ளை, 75ல எனக்கொரு மகன் பிறப்பான் பண்ணுனாரு. வந்தாரு, ஆனா காலம் மாறிப் போச்சு.

அதுக்கு அப்புறம் மேடைக் கச்சேரி. ராஜாவும் ஜிக்கியும் குடும்பத்தோட ஊர் ஊரா போய் பாடுனாங்க, கோயில் திருவிழா, கல்யாணம்னு. 89 ஏப்ரல்ல குமரி மாவட்டத்துல ஒரு கோயில் கச்சேரிக்காக குழுவோட போய்க்கிட்டு இருந்தாரு. போற வழியில எங்க வள்ளியூர் ஸ்டேஷன்ல ரயில்ல ஏறப் போனப்ப கால் தவறி விழுந்துட்டார். அங்கயே போயிட்டார். அறுவது கூட ஆகல.

நான் அப்ப சின்னப் பையன், முழுப் பரீட்சை நேரம். சாயங்காலம் கடைக்குப் போனா கடை தொறந்து கிடக்கு, மாமா இல்ல, ரேடியோ ஓடல. கொஞ்ச நேரம் கழிச்சு சைக்கிள்ல வந்தாரு. எங்க மாமா போனீங்கன்னு கேட்டதுக்கு "ஸ்டேஷன் வரைக்கும்"னாரு. எதுக்குன்னு கேட்டேன். "சும்மாத்தாம்ல"ன்னு சொல்லிட்டு மெஷின்ல உக்காந்து பாபின்ல நூல் சுத்த ஆரம்பிச்சுட்டார், தேவைக்கு மேல சுத்திக்கிட்டே இருந்தார். ரொம்ப வருஷம் கழிச்சு ஒரு நாள் அவராவே சொன்னார். "நாப்பது வருசமா குரலா கேட்டவரு, நம்ம ஊருக்கு வந்தது இப்பிடித்தானா மருமவனே. ஒரு தடவ நம்ம கோயில் கொடைக்கு கூப்பிட்டிருக்கலாம்லா." மாமா கணக்கு தப்பு, ராஜா பாட வந்ததே 51ல. ஆனா நான் திருத்தல.

இப்பவும் ஊருக்குப் போயிட்டு வர்றப்ப வள்ளியூர்ல வண்டி நிக்கிற கொஞ்ச நேரத்துல நான் ஜன்னல் வழியா பிளாட்பாரத்த பாப்பேன். டீ விக்கிறவரு, மூட்டையோட ஓடுறவங்க, வண்டி கெளம்புறப்ப ஏறுற பசங்க. அந்தப் பசங்கள பாத்தா மட்டும் எனக்கு வாய் விட்டு சத்தம் போட்டுறத் தோணும்.

ஜிக்கிம்மா பிந்துன காலத்துலயும் பாடுனாங்க. இளையராஜா இசைல பாட்டுக்கு ஒரு தலைவன் படத்துல மனோவோட நினைத்தது யாரோ பாடுனது அவங்கதான், அந்த வயசுலயும் குரல்ல அந்த மினுமினுப்பு அப்படியே இருக்கும். 2004ல அவங்களும் போயிட்டாங்க.

இப்ப தனிமையிலே. அந்த 60 நிமிஷ கேசட்ல பி சைடுல கடைசியா மாமா எழுதிக் குடுத்திருந்தது இந்தப் பாட்டு. ரெக்கார்டிங் பண்ணுனவரு நேரக் கணக்கு பாக்காம ஏத்திட்டார் போல, ரெண்டாவது சரணம் ஆரம்பிச்சு ஒரு வரி கூட முடியாது, டக்குன்னு சத்தத்தோட டேப் நின்னுரும். பட்டன் மேல வந்துரும். மாமா கைய நீட்டி கேசட்ட எடுத்து திருப்பிப் போடுவார், வாராயோ வெண்ணிலாவே ஆரம்பிக்கும். மாமா முழுப் பாட்டயும் ரேடியோல கேட்டவரு, அவருக்கு ஒண்ணும் இல்ல. நான் கேசட்ல மட்டும் கேட்டவன், எனக்கு பல வருஷமா அந்தப் பாட்டு அவ்வளவுதான். பாளையங்கோட்டைல காலேஜ் படிக்கிறப்ப ஒரு டீக்கடைல அந்தப் பாட்டு வந்துச்சு. எனக்குத் தெரிஞ்ச இடம் வந்துச்சு, நிக்கப் போகுதுன்னு மனசு தயாராச்சு, நிக்கல, போய்க்கிட்டே இருந்துச்சு. கைல டீ கிளாஸோட அப்படியே நின்னேன். ராஜா குரல் அதுக்கப்புறம் எங்க போகுதுன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுச்சு, மேல ஏறாம, பலத்த கூட்டாம, அந்தக் கேள்விய திரும்பக் கேக்குறதுக்கு மெதுவா வந்து நிக்குது.

காலேஜ் விழாவுல அந்தப் பாட்ட பாடிரலாம்னு ஒரு மாசம் பழகுனேன். ஸ்தாயி ஒண்ணும் எட்டாத இடம் இல்ல, சங்கதியும் கூட்டமா இல்ல, யாரும் பாடலாம்னு தோணும். ஆனா ஒவ்வொரு வரி முடிவுலயும் சத்தத்த கொறைச்சுக்கிட்டே சுருதில நிக்கணும், மூச்சு தெரியக்கூடாது. கத்தி நிக்கிறது சுலபம். மெதுவா நிக்கிறதுக்கு வயித்துல இருந்து பலம் வேணும். கீபோர்டு வாசிச்ச அண்ணன் சொன்னாரு, "தம்பி, இந்த ஆளு பாட்ட ரிகர்சல்ல பாடிரலாம், மேடைல பாடுறது கஷ்டம், படபடப்பு வந்தா மொதல்ல போறது இந்த மெதுவுதான்"னு. கடைசில நான் வேற பாட்டுதான் பாடுனேன்.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். மாமாவுக்கு எழுபத்தாறு ஆகுது, கடைய மூடி பல வருஷம் ஆச்சு, கண்ணு சரியா தெரியல, தையல் மெஷின்ல ஒண்ணு மட்டும் வீட்டு நடைல மூடி போட்டு வச்சிருக்கார். கேசட் அப்பவே டேப் சிக்கி அந்துபோச்சு, அட்டை மட்டும் பத்திரமா இருக்கு, ஊதா மை வெளுத்துப் போய். நான் கொண்டு போன சின்ன ஸ்பீக்கர மெஷின் மேல வச்சு அந்த அட்டைல உள்ள வரிசைப்படியே ஒண்ணு ஒண்ணா போட்டேன். பி சைடு. ஆப்புல தப்பா போட்டிருக்காங்கன்னு சொன்னேன். மாமா கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "நீ எழுதுவேல்லா, அதுல எழுது, போட்டது யாருன்னு எழுது"ன்னார். சரி மாமான்னேன்.

தனிமையிலே வந்துச்சு. மாமா கண்ண மூடி உக்காந்திருந்தார், விரலு மட்டும் மெஷின் மூடி மேல தாளம் போட்டுக்கிட்டு இருந்துச்சு. ரெண்டாவது சரணம் ஆரம்பிச்சுச்சு. அந்த இடம் வந்ததும் தாளம் நின்னு, கண்ண தொறக்காமலே அவர் வலது கை ஸ்பீக்கர் பக்கம் தன்னால நீண்டுச்சு, கேசட்ட திருப்ப.